ஹேவ்லாக்கில் மூச்சடக்கி முங்கக் கற்ற நான்கு நாட்கள்: மும்பைவாசிகளே, உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

செம்பூரிலிருந்து:

போன பிப்ரவரியில் நானும் என் மச்சினனும் அந்தமானில் ஹேவ்லாக் தீவுக்குப் போய், ஃப்ரீடைவிங் முதல்நிலைப் பயிற்சி முடித்துவிட்டு வந்தோம். சிலிண்டர், குழாய் எதுவும் கிடையாது. ஒரே மூச்சு. அந்த மூச்சோடு கயிற்றைப் பார்த்தபடி இறங்கி, அதே மூச்சோடு மேலே வர வேண்டும். தூத்துக்குடிப் பக்கம் அந்தக் காலத்தில் சங்கு குளித்தவர்கள் செய்ததும் இதுதான். நம்மவர்கள் நிறையப் பேர் இதைப் பற்றி என்னிடம் விசாரிக்கிறார்கள், அதனால் எழுதுகிறேன். போய் வந்தவர்கள் கீழே சேருங்கள்.

நான் ஏன் போனேன் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அதற்கு எட்டு மாதம் முன்பு ஒரு நீச்சல் குளத்தில், நெஞ்சளவுத் தண்ணீரில், நான் செத்துப் பிழைத்தேன். ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, முப்பது தடவை வேகவேகமாக மூச்சை இழுத்து விட்டுவிட்டு, தண்ணீருக்குள்ளேயே நீந்தினேன். மூச்சு முட்டவே இல்லை. அதுதான் பயங்கரம். ‘நன்றாக வருகிறதே’ என்று நினைத்தது வரை ஞாபகம் இருக்கிறது. அடுத்த ஞாபகம், குளத்தின் ஓரத்தில் கிடக்கிறேன், பக்கத்தில் நீந்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருக்கிறார். அவர் அன்றைக்குப் பத்து நிமிடம் முன்னால் வீட்டுக்குக் கிளம்பியிருந்தால்? இன்றும் நினைத்தால் கை நடுங்குகிறது.

வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே யூகிக்கலாம். இரண்டு மாதம் தண்ணீர்ப் பேச்சே எடுக்க முடியவில்லை. அப்புறம் மனைவியே ஒரு நாள், “போகணும்னா முறையாக் கத்துக்கிட்டுப் போங்க. தம்பியையும் கூட்டிட்டுப் போங்க, தனியா அனுப்ப மாட்டேன்” என்றாள். மச்சினன் சயானில் மொபைல் கடை வைத்திருக்கிறான். கேட்டதும் ஒரு வாரம் கடையை அடைத்துவிட்டு வந்தான். அந்தக் கடனை நான் மறக்க மாட்டேன்.

சென்னை வழியாகப் போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்), அங்கிருந்து கப்பலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். தீவைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், விட்டுவிடுகிறேன்.

முதல் நாள் வகுப்பு. பயிற்சியாளர் புனேக்காரப் பெண். குளத்தில் எனக்கு என்ன ஆனது என்பது அன்றுதான் புரிந்தது. மூச்சு முட்டுவது ஆக்சிஜன் குறைவதால் அல்ல, கார்பன் டை ஆக்சைடு ஏறுவதால். வேகமாக மூச்சு விட்டால் உடம்பில் ஆக்சிஜன் பெரிதாக ஒன்றும் கூடிவிடாது, ஏனென்றால் சாதாரணமாகவே இரத்தம் அதைக் கிட்டத்தட்ட நிறைய வைத்திருக்கிறது. கார்பன் டை ஆக்சைடுதான் வெளியே போய்விடும். அதாவது நான் என் கையாலேயே வீட்டு அலாரத்தின் வயரைப் பிடுங்கியிருக்கிறேன். உள்ளே ஆக்சிஜன் தீர்ந்துகொண்டிருக்கிறது, உடம்பு வாயே திறக்கவில்லை, நேராக மயக்கம். நான் நோட்டில் எழுதுவதை நிறுத்திவிட்டேன். மச்சினன் என்னைத் திரும்பிப் பார்த்தான், ஒன்றும் பேசவில்லை.

அன்று மாலை பாய் மேல் படுத்துத் தம் கட்டிப் பார்த்தோம். ஒரு நிமிடம் ஐந்து விநாடியில் என் வயிறு தானாகத் துள்ளியது. உதரவிதானத்தின் இழுப்பு அது. அது வந்ததும் பதறக் கூடாது, அது கார்பன் டை ஆக்சைடின் தகவல், இன்னும் நேரம் இருக்கிறது என்றார்கள். நான்காவது முறை இரண்டு நிமிடம் எட்டு விநாடி வந்தது. ஆனால் நான் சொல்ல வந்தது அந்த எண் அல்ல.

இரண்டாம் நாள், இடுப்பளவு ஆழத்தில், மயங்கியவரை மீட்கும் பயிற்சி. முகத்தைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்து, முகமூடியைக் கழற்றி, கண்ணுக்குக் கீழே ஊதி, கன்னத்தைத் தட்டி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு “மூச்சு விடு” என்று சொல்ல வேண்டும். மயங்கியவர் காதுக்கு முதலில் எட்டுவது அவர் பெயர்தான் என்பது பயிற்சியாளரின் அழுத்தமான கருத்து. நான் மயங்கியதுபோல் கிடக்கிறேன். மச்சினன் ஊதுகிறான், தட்டுகிறான், பெயர் மட்டும் வரவில்லை. பத்து வருடமாக என்னை ஒரு தடவைகூடப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை அவன். அவர் மறுபடி மறுபடி செய்யச் சொன்னார். கடைசியில் என் காதருகே, குரல் உடைய, “அத்தான், மூச்சு விடுங்க. மூச்சு விடுங்க அத்தான்” என்றான். நான் நடிப்பதை மறந்து கண்ணைத் திறந்துவிட்டேன். விஷயத்தை விளக்கிச் சொன்னதும் பயிற்சியாளரும், அதுவே என் பெயராக இருக்கட்டும் என்று ஒப்புக்கொண்டார்.

மூன்றாம் நாள் கடல். மிதவை, அதிலிருந்து தொங்கும் கயிறு. மச்சினன் முதல் முங்கிலேயே 8 மீட்டர் போய் வந்தான். எனக்கு 4 மீட்டரில் காதில் ஊசி குத்தியது. திரும்ப ஏறினேன். மறுபடி 4, மறுபடி வலி. மூக்கைப் பிடித்து நெஞ்சிலிருந்து அழுத்தி ஊதும் பழக்கம் எனக்கு. தலைகீழாக இறங்கும்போது அது வேலை செய்யாது. தொண்டையை மூடிக்கொண்டு, வாயில் இருக்கும் காற்றை மட்டும் நாக்கால் காதுக்குத் தள்ள வேண்டும். ஃப்ரென்சல் முறை என்கிறார்கள். அன்றிரவு அறைக் கண்ணாடி முன் நின்று பழகினேன். நாக்கு நுனியை ‘ட்’ சொல்லும் இடத்தில் ஒட்டிவைத்து, நாக்கின் பின்பக்கத்தை ‘க்’ சொல்வதுபோல் மேலே தள்ளினால், பிடித்திருக்கும் மூக்கு விரல்களுக்கிடையே லேசாகப் புடைக்கும், இரண்டு காதிலும் ‘டிக்’ என்று கேட்கும். நெஞ்சு அசையக் கூடாது. கண்ணாடியில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொரு தப்பும் இருந்தது. ஆழம் எவ்வளவு என்று பார்க்கும் ஆசையில் நான் கீழே பார்த்தபடி இறங்கினேன். கழுத்து வளைந்து, காதுக்குப் போகும் வழி அடைபடுகிறது. நாலாம் நாள் காலையில் தாடையை உள்ளே இழுத்து, கண்ணுக்கு நேரே இருக்கும் கயிற்றை மட்டும் பார்த்தேன். 5, 7, 10. பத்து மீட்டரில் அழுத்தம் இரட்டிப்பாகிறது, நுரையீரல் காற்று பாதியாகச் சுருங்குகிறது. அதற்குக் கீழே காலை அடிக்கவே தேவையில்லை, கடல் உங்களை இழுத்துக்கொள்ளும். என் மணிக்கட்டில் மனைவி கட்டிவிட்ட சிவப்புக் கயிறு இருந்தது. கீழே அதைப் பார்த்தேன், சாம்பலாகத் தெரிந்தது. தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பைத்தான். 16 மீட்டரில், கயிற்றின் நுனியில் கட்டியிருந்த அடித்தட்டைத் தொட்டேன். அங்கே நான் கேட்டது என் இதயம் ஒன்றைத்தான், மெதுவாக, தூரத்தில் யாரோ கதவைத் தட்டுவதுபோல.

ஏறி வரும்போது கடைசி ஐந்தாறு மீட்டரில் ஒரு முகம் எனக்கு எதிரே வந்து, என் கண்ணையே பார்த்துக்கொண்டு கூடவே ஏறியது. மச்சினன். ஏறும்போது அழுத்தம் குறையக் குறைய நுரையீரலில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனின் அழுத்தமும் சடாரென இறங்கும். அதனால்தான் மயக்கம் பெரும்பாலும் ஆழத்தில் வருவதில்லை, மேலே வரும் நேரத்தில் அல்லது வந்த பிறகு வருகிறது. தலை வெளியே வந்து முப்பது விநாடி வரை துணைவர் கண்ணை எடுக்கக் கூடாது. அவன் எடுக்கவில்லை. நான் சிரித்த பிறகும் எண்ணிக்கொண்டுதான் இருந்தான்.

முலுண்டிலிருந்து:

அண்ணா, காது விஷயத்தை விவரமாக எழுதியதற்கு நன்றி. நான் இரண்டு வருடம் முன்பு தாய்லாந்தில் கோ தாவ் தீவில் இதே முதல்நிலைப் பயிற்சிக்குப் போனேன். தம் கட்டுவது எளிதாக வந்தது, காது மட்டும் 6 மீட்டரில் நின்றுவிட்டது. என்னோடு இருந்த நால்வரும் கீழே போய்விட்டார்கள். எனக்கு வாய்த்த பயிற்சியாளர் “இன்னும் கொஞ்சம்தான், போய்விடு” என்றார், நானும் வெட்கப்பட்டுக்கொண்டு போனேன். உள்ளே ஏதோ கிழிந்ததுபோல ஒரு சூடு, தலை சுற்றல். செவிப்பறையில் ஓட்டை. மும்பை வந்து மருத்துவரிடம் காட்டினேன், ஆற ஆறு வாரம் ஆனது, அதுவரை தலைக்குக் குளிக்கும்போதெல்லாம் காதில் பஞ்சு.

இங்கே படிக்கும் பெண்களுக்கு ஒன்று: வலித்தால் திரும்புங்கள். கூட வந்தவர்கள் எத்தனை மீட்டர் போனார்கள் என்று பார்க்காதீர்கள். காசு கட்டிவிட்டோமே என்று நினைக்காதீர்கள். ஆழத்தை இன்னொரு நாள் முடித்துக்கொள்ளலாம், பல இடங்களில் அதற்கு அனுமதிக்கிறார்கள். நான் மறுபடி போகத்தான் போகிறேன், இந்தத் தடவை ‘ட்’, ‘க்’ இரண்டையும் வீட்டிலேயே பழகிக்கொண்டு.

வாஷியிலிருந்து:

நான் நர்ஸ். சளி பிடித்திருந்தால் போகவே வேண்டாம். மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குபவர்கள் இருக்கிறார்கள். மாத்திரையின் வேகம் தண்ணீருக்குள்ளேயே இறங்கிவிட்டால், விரிகிற காற்று வெளியேற வழியில்லாமல் ஏறும்போது வலி உயிர் போகும். ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு உள்ளவர்கள் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள், முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

எங்கள் ஊர் பாம்பன் பக்கம். அத்தை கடற்பாசி எடுக்கப் போவார். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, ஒரே மூச்சில் முங்கிப் பாறையிலிருந்து பாசியைப் பிடுங்கி வருவார். அவருக்கு யாரும் வகுப்பு எடுத்ததில்லை. ஆனால் எத்தனை அவசரமானாலும் தனியாக ஒரு நாளும் போனதில்லை, கூட்டமாகத்தான். தலை எண்ணிக்கொண்டே வேலை செய்வோம் என்பார்.

தாராவியிலிருந்து:

தம்பி, நான் எழுபதைத் தாண்டியவன். பிறந்தது தூத்துக்குடி, பம்பாய்க்கு வந்தது பதினெட்டு வயதில். என் பெரியப்பா சங்குகுளி. முத்துக்குளிப்பும் பார்த்தவர், 1961-இல் தூத்துக்குடியில் கடைசியாக நடந்தது வரைக்கும். நீங்கள் 16 மீட்டர் என்கிறீர்கள், எங்கள் கணக்கில் கிட்டத்தட்ட ஒன்பது பாகம். முதல் தடவைக்கு நல்ல ஆழம்தான்.

அந்தக் காலத்தில் கல்லின் மேல் கால் வைத்து இறங்குவார்கள். வள்ளத்தில் நிற்பவர் கையில் கயிறு. கீழே இருப்பவர் கயிற்றைச் சுண்டினால் உடனே இழுக்க வேண்டும். ஒரு கணம் கவனம் தப்பினால் போச்சு. அந்தக் கயிற்றை யார் பிடிப்பார்கள் தெரியுமா? பெண்டாட்டியின் உடன்பிறந்தவன். அண்ணன் தம்பிக்குக்கூடச் சொத்தில் பங்கு வரும் என்று ஒரு நினைப்பு வரலாம், மச்சினன் மட்டும் தன் அக்கா தாலிக்காகக் கயிற்றை விடமாட்டான் என்று பெரியப்பா சொல்வார். மலைத்தேன் எடுக்கிறவர்களிடமும் இதே வழக்கம் உண்டு. ‘மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேணும்’ என்கிறோமே, அது இதுதான். உங்கள் வீட்டுக்காரம்மா இதைத் தெரிந்து சொன்னார்களோ தெரியாமல் சொன்னார்களோ, சரியான ஆளைத்தான் கூட அனுப்பியிருக்கிறார்கள்.

காதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெரியப்பாவுக்கு ஐம்பது வயதிலேயே இடது காது சுத்தமாகக் கேட்காது. காது ஒரு தடவை உடைந்து ஆறினால்தான் தொழில் படியும் என்று அன்றைக்கு நினைத்தார்கள். நாக்கால் காற்றைத் தள்ளும் வித்தையை அவருக்கு யாராவது சொல்லிக் கொடுத்திருந்தால், என் கல்யாணத்தில் நாதஸ்வரத்தை முழுதாகக் கேட்டிருப்பார்.

செம்பூரிலிருந்து, மறுபடி:

ஐயா, உங்கள் பதிலை நேற்றிரவு சாப்பாட்டு நேரத்தில் சத்தமாக வாசித்தேன். மனைவிக்கு அந்த வழக்கம் தெரியாது. “நான் பயத்துல சொன்னேன்” என்றாள். அவள் ஆச்சிக்கு ஊர் ஆறுமுகநேரி, கேட்டுப் பார்க்கிறேன் என்று போனை எடுத்தாள். ஆச்சிக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. கயிறு பிடித்த தன் தம்பியைப் பற்றி அரை மணி நேரம் பேசினார், ஸ்பீக்கரில் போட்டு எல்லோரும் கேட்டோம்.

முலுண்டு தங்கைக்கு: ‘ட்’, ‘க்’ பழகும்போது ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் போதும், காது சிவக்கும்வரை செய்ய வேண்டாம். தம் கட்டுவதைக் கட்டிலில், உலர்ந்த இடத்தில் மட்டும் பழகுங்கள். குளியல் தொட்டியில்கூட வேண்டாம்.

நானும் மச்சினனும் இப்போது ஞாயிறு காலை குளத்துக்குப் போகிறோம். முதல் வேலையாகக் காவலாளியிடம் சொல்லிவிடுகிறோம். அப்புறம் ஒருவர் முங்கும்போது மற்றவர் முங்குவதில்லை. போன வாரம் என்னைத் தூக்கிய அந்தப் பெரியவர் வந்திருந்தார். மச்சினன் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டான்.