கல்லீரல் நோயாளியின் கருவிழிகள் ஏன் கீழே இறங்கி நின்றன?

கேள்வி: மருமகன், கோபிசெட்டிபாளையம்

வணக்கம். என் மாமாவுக்குக் கல்லீரல் சுருக்க நோய் உண்டு. மஞ்சள் அறுவடை மும்முரத்தில் அவருடைய மலச்சிக்கலை யாரும் கவனிக்கவில்லை. பேச்சு குழறியது, பிறகு நினைவும் தப்பிவிட்டது. மருத்துவமனையில் இமைகளை விலக்கியபோது இரு கருவிழிகளும் கீழிமைக்குள் பாதி புதைந்து அப்படியே நின்றன. பக்கவாதம் என்றே பயந்தோம். ஆனால் ஸ்கேனில் ரத்தக்கசிவோ அடைப்போ இல்லை. எனிமா கொடுத்து, நினைவு திரும்பியதும் கண்களும் நேராகிவிட்டன. கல்லீரலுக்கும் கண்ணுக்கும் என்ன தொடர்பு? பார்வை கெடுமா?

பதில்: நரம்பியல் மருத்துவர், கோவை

கோளாறு கண்ணில் இல்லை, கண்ணை இயக்கும் மூளைப் பகுதிகளில் இருக்கிறது. ஆகவே பார்வையைப் பற்றிக் கவலை வேண்டாம். குடலில் உண்டாகும் அமோனியாவைக் கல்லீரல் யூரியாவாக மாற்ற இயலாதபோது, அது மூளைக்குள் நுழைய, அங்குள்ள ஆஸ்ட்ரோசைட் எனும் நரம்புத் துணைச் செல்கள் அதைக் குளூட்டமின் என்ற அமினோ அமிலமாக மாற்றி, அதனாலேயே வீங்குகின்றன. தொடக்கத்தில் பார்வையை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் திருப்பும் வேகம் குறையும்; அசையும் விரலைத் தொடரும் விழி வழுக்கிச் செல்லாமல் விட்டுவிட்டு நகரும். ஆழ்மயக்கத்தில் சிலருக்கு விழிகள் கீழே இறங்கலாம், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமலும் விலகலாம். மயக்கம் தெளியும்போது இவை பெரும்பாலும் மறைந்துவிடும். மூளையின் நடுவிலுள்ள தலாமஸ் பகுதியில் ரத்தம் கசிந்தாலும் விழிகள் இப்படிக் கீழே இறங்கும் என்பதால், ஸ்கேன் எடுத்தது மிகச் சரி.

பதில்: வாசகி, பெருந்துறை

என் மாமனாரைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் சிரப்பின் அளவை, நாளுக்கு 2 அல்லது 3 முறை இளக்கமாக மலம் போகும்படி மருத்துவரிடம் கேட்டு அமைத்துக்கொள்ளுங்கள். சிரப் இனிப்பு திகட்டுகிறது என்று அவர் நிறுத்தப் பார்ப்பார், விடாதீர்கள். தூக்க மாத்திரையைத் தாமாக வாங்கிக் கொடுக்காதீர்கள். மலம் தார் போலக் கறுத்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பருப்பையும் தயிரையும் நிறுத்தச் சொல்லும் உறவினர்கள் நிச்சயம் வருவார்கள். புரதம் குறைந்தால் தசை கரையும், அமோனியாவைச் சமாளிக்கத் தசையும் உதவுகிறது என்று எங்கள் மருத்துவர் விளக்கினார்.

பதில்: பொது மருத்துவர், ஈரோடு

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். கல்லீரல் நோயாளியின் கண் கோளாறுகள் எல்லாவற்றையும் அமோனியாவின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. குடிப்பழக்கமோ நீண்ட நாள் பட்டினியோ உள்ளவருக்கு விழி துடித்தாலும், ஒரு கண் வெளிப்பக்கம் திரும்ப மறுத்தாலும், நடை தள்ளாடினாலும் அது தயமின் (வைட்டமின் பி1) குறைபாட்டால் வரும் வெர்னிக்கி என்ற மூளை நோயாக இருக்கலாம். லாக்டுலோஸ் அதைத் தீர்க்காது. குளுக்கோஸ் ஏற்றும் முன்போ உடனோ தயமின் ஊசி போட வேண்டும். தாமதித்தால் நினைவாற்றல் நிரந்தரமாகக் கெடலாம். மாமாவுக்குக் குடிப்பழக்கம் இருந்தால், கூச்சப்படாமல் முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.