தூரத்தை வேகத்தால் வகுத்தால் பறக்கும் நேரம் கிடைத்துவிடுமா?

கணக்கன்:
இரு நகரங்களுக்கு இடையேயான பெருவட்டத் தொலைவை, அதாவது பூமிப் பரப்பின் மீதான மிகக் குறுகிய வழியின் நீளத்தை, மணிக்கு 900 கி.மீ. என்ற வேகத்தால் வகுத்து, ஏறவும் இறங்கவும் அரை மணி நேரம் சேர்த்துக்கொண்டால் பயண நேரம் கிடைத்துவிடும் என்பது என் கருத்து. பூமியின் சராசரி ஆரம் 6,371 கி.மீ. என்று கொண்டால், இரு இடங்களின் அட்ச, தீர்க்க ரேகைகளே மிகக் குறுகிய வழியைச் சொல்லிவிடும். இதற்கு மேல் எதற்கு அலட்டிக்கொள்ள வேண்டும்?

மேகலை:
தொலைவில் எனக்கு மறுப்பில்லை, நேரத்தில்தான் மறுக்கிறேன். லண்டனுக்கும் நியூயார்க்கிற்கும் இடையே ஏறத்தாழ 5,550 கி.மீ. உங்கள் கணக்கின்படி 6 மணி 40 நிமிடம். ஆனால் கால அட்டவணையில் மேற்கே செல்ல ஏறத்தாழ 8 மணி நேரமும், கிழக்கே திரும்ப ஏறத்தாழ 7 மணி நேரமும் காட்டுகிறார்கள். வானில் மிக உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வேகமாய் வீசும் ஜெட் காற்றோட்டம் ஒரு திசையில் விமானத்தைத் தள்ளுகிறது, மறு திசையில் தடுக்கிறது. 2020 பிப்ரவரியில் புயலை ஒட்டி அந்தக் காற்று மிகக் கடுமையாக வீசியபோது, நியூயார்க்கிலிருந்து கிளம்பிய ஒரு போயிங் 747 விமானம் 4 மணி 56 நிமிடத்தில் லண்டனை அடைந்தது. அதே 5,550 கி.மீ. தான்.

கணக்கன்:
போகும்போது இழப்பதை வரும்போது மீட்டுவிடுகிறோமே! சராசரி பார்த்தால் என் கணக்கு நிற்கும்.

மேகலை:
நிற்காது. 4,000 கி.மீ. தொலைவையும் உங்கள் 900 கி.மீ. வேகத்தையும் எடுத்துக்கொள்வோம், ஏற இறங்கச் சேர்த்த அரை மணியை விட்டுவிடுவோம். மணிக்கு 100 கி.மீ. வேகக் காற்றை எதிர்த்துச் செல்ல 5 மணி, அதன் துணையோடு திரும்ப 4 மணி, ஆக 9 மணி நேரம். காற்றே இல்லையென்றால் 8 மணி 53 நிமிடம். எதிர்க்காற்றில் அதிக நேரம் சிக்கியிருப்பதால், இழப்பு எப்போதும் மீட்பைவிடக் கூடுதல்.

கணக்கன்:
வெறும் ஏழு நிமிடத்திற்கா இவ்வளவு வாதம்?

மேகலை:
காற்று 300 கி.மீ. வேகத்தை எட்டினால் அதே பயணம் 10 மணி நேரமாகும். குளிர்காலத்தில் ஜெட் காற்றோட்டத்திற்கு அந்த வேகம் அரிதன்று.

வழிப்போக்கன்:
நீங்கள் இருவரும் விட்டுவிட்ட ஒன்று இருக்கிறது. அட்டவணையில் இருப்பது பறக்கும் நேரமே அன்று. நிறுத்துமிடத்தை விட்டு விமானம் நகரும் கணத்திலிருந்து மறு நிறுத்துமிடத்தில் நிற்கும் வரையிலான நேரம், அதாவது பிளாக் டைம். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், தாமதத்திற்கென்று ஒதுக்கிய உபரி நிமிடங்களும் அதற்குள் அடக்கம். நான் ஒருமுறை வகுத்தல் கணக்கை நம்பி, தனித்தனிச் சீட்டுகளில் இணைப்பு விமானம் பதிவு செய்து, அதைத் தவறவிட்டு, முழுக் கட்டணத்தையும் மறுபடி செலுத்தினேன். ஆகவே இதை அற்ப விஷயமாக என்னால் நினைக்க முடியவில்லை.

மேகலை:
வான்வெளி மூடப்பட்டால் தொலைவும் மாறிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவிற்கு ஒன்பதரை மணி நேரம் போல ஆகிவந்தது, 2022இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்ட பின் ஏறத்தாழ 13 மணி நேரமாயிற்று. நகரங்கள் நகரவில்லை, வழிதான் நீண்டது.

கணக்கன்:
ஹெல்சிங்கி எடுத்துக்காட்டை ஏற்கிறேன். ஆனால் அந்த மூன்றரை மணி நேரம் மிகை என்று நமக்குக் காட்டிக்கொடுப்பதும் பெருவட்டக் கணக்கின் அளவுகோல்தானே? அதைக் கைவிட மாட்டேன். நான் எழுதி வைத்திருக்கும் பயண நேரப் பட்டியலில் மட்டும் இனி போக்கு, வரவு இரண்டையும் தனித்தனியாக எழுதுகிறேன். இணைப்பு விமானத்திற்கு அட்டவணை நேரத்தையே பார்க்கும்படி அதன் தலைப்பிலேயே குறித்துவிடுகிறேன்.