சூலூரில் நேவி இருந்ததா?

கேள்வி: கோவை பக்கத்துச் சூலூர் ஏர்ஃபோர்ஸ் தளம் ஒரு காலத்தில் நேவியிடம் இருந்தது என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள். கடலே இல்லாத ஊரில் கடற்படைக்கு என்ன வேலை? உண்மையா?

பதில் 1: உண்மைதான், அதுவும் இரண்டு முறை. இரண்டாம் உலகப் போரில், 1942 ஏப்ரலில் ஜப்பான் கப்பல்களிலிருந்து கிளம்பிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கின. கடலோரத் தளம் என்றால் எந்த நேரமும் குண்டு விழலாம். கோவை உள்ளே தள்ளி இருக்கிறது, பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொச்சித் துறைமுகத்துக்கு ரயிலும் உண்டு, அதனால் விமானங்களைப் பழுது பார்க்கத் தோதான இடம் என்பது என் கணிப்பு. பிரிட்டிஷ் கடற்படை கோவையில் பழுதுபார்ப்புப் பணிமனை நடத்தியது, அதன் பெயர் எச்எம்எஸ் கருடா. சூலூர் தளம் 1945-46இல் எச்எம்எஸ் வைரி. தரையில் இருக்கும் தளத்துக்கும் கப்பல் மாதிரி பெயர் வைப்பது அவர்கள் வழக்கம்.

பதில் 2: வைரி என்பது நம் ஊர் வல்லூறுதான்! இலங்கையிலும் இப்படித்தான், புத்தளம் தளம் ராஜாலியா, கட்டுக்குருந்த தளம் உகுஸ்ஸா, இரண்டுமே சிங்களத்தில் கழுகு, பருந்து இனப் பெயர்கள். எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயமே இந்தப் பெயர்கள்தான்.

கேள்வி கேட்டவர்: அப்படியானால் கொச்சியில் இப்போது இருக்கும் கருடா?

பதில் 1: அது வேறு. போர் முடிந்ததும் கோவை கருடாவை மூடிவிட்டார்கள், இந்தியக் கடற்படை 1953 மே 11இல் அதே பெயரைக் கொச்சித் தளத்துக்கு வைத்தது. பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். பெரியவர்கள் சொல்வது அநேகமாக அடுத்த கட்டத்தை. விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த் வந்த 1961லேயே, செப்டம்பர் 5 அன்று, ஐஎன்எஸ் ஹன்சா என்ற கடற்படை விமானத் தளம் சூலூரில்தான் தொடங்கியது, சீ ஹாக், வாம்பயர் ஜெட்டுகளோடு. அப்புறம் கோவா விடுதலையாகி அங்குள்ள டபோலிம் விமானத் தளம் கைக்கு வந்ததும் 1964இல் ஹன்சா அங்கே போய்விட்டது.

பதில் 3: இப்போது முழுக்க ஏர்ஃபோர்ஸ். பழுதுபார்ப்பு வேலை மட்டும் விடவில்லை, 5ஆவது தளப் பழுதுபார்ப்பு நிலையம் அங்கேதான் இருக்கிறது. உள்நாட்டுப் போர் விமானமான தேஜஸின் முதல் படைப்பிரிவான 45ஆவது ஸ்குவாட்ரன் 2018இல் பெங்களூரிலிருந்து சூலூருக்கு வந்தது, 2020 மே மாதம் 18ஆவதும் சேர்ந்தது. வைரி என்ற பெயர்ப்பலகையோ பழைய படமோ யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து இங்கே போடுங்கள், தூக்கி எறிந்துவிடாதீர்கள்.