சவர்க்காரப் பெட்டியில் கோடு அடித்த செம்பனை

செந்தூல்வாசி:
போன பள்ளி விடுமுறையில் லங்காவிக்குக் கிளம்புமுன் எல்லாம் 'பசுமையாக' இருக்கட்டும் என்று மூங்கில் பிரஷ், கட்டி ஷாம்பு, ஒரு சவர்க்காரம் வாங்கினேன், சவர்க்காரம் மட்டும் 28 வெள்ளி. விஷயம் அது இல்லை. அம்மா பெட்டியைத் திருப்பிப் பார்த்தார், செம்பனை மரத்தின் மேல் சிவப்புக் கோடு. "இது எதுக்குப்பா?" "செம்பனை எண்ணெய், அதான் பாமாயில், கலக்கலையாம், காட்டுக்கு நல்லதும்மா." பதினோரு வயதிலிருந்து செம்பனைத் தோட்டத்தில் நிரை நிரையாகக் குனிந்து உதிரிப்பழம் பொறுக்கிய கை, பெட்டியை மேசைமேல் கவிழ்த்து வைத்தது. "அப்போ நாங்க செஞ்சது கெட்ட வேலையா?" கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். எனக்கு இன்னும் பதில் வரவில்லை.

பட்டர்வொர்த் பையன்:
அண்ணே, அந்தக் கோட்டை நம்பாதீங்க. ஒரு ஹெக்டேர் செம்பனை தரும் எண்ணெயில் கால்வாசிகூட தென்னை தராது, அப்போ தேங்காய் எண்ணெய்க்கு மாறினால் நிலம் கூடத்தானே வேணும்? பின்பக்கம் படியுங்கள்: சோடியம் பால்மேட் என்றிருந்தால் செம்பனை. சோடியம் லாரில் சல்ஃபேட் தேங்காயிலிருந்தும் வரும், செம்பனைப் பருப்பிலிருந்தும் வரும், பெயரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. செம்பனையையே ஒதுக்குவதைவிட காட்டை அழிக்காமல் விளைந்த செம்பனைக்குச் சான்று தரும், 2004-இல் தொடங்கிய ஆர்எஸ்பிஓ அமைப்பின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அதேபோல் நம் மலேசியாவின் சொந்தச் சான்றிதழான எம்எஸ்பிஓ 2020 முதல் கட்டாயம். முத்திரை இருந்தால் எல்லாம் சுத்தம் என்று நான் சொல்லவில்லை, ஒன்றும் இல்லாததற்கு அது மேல். அப்புறம் மூங்கில் பிரஷ், கைப்பிடிதான் மூங்கில், முள் பெரும்பாலும் நைலான், தூக்கிப் போடுமுன் பிடுங்கிவிடுங்கள். ஈரத்தோடு டப்பாவில் மூடவே கூடாது. என்னுடையது கேமரன் மலையில் மூன்றாம் நாளே பூஞ்சை.

பாயான் லெப்பாஸ் அக்கா:
லங்காவியிலிருந்து பக்கத்துத் தாய்லாந்துத் தீவு கோ லிப்பே போனோம். தாய்லாந்து 2021-இலேயே தேசியப் பூங்காக்களில் சில சன்ஸ்கிரீன்களைத் தடை செய்துவிட்டது என்று எனக்குத் தெரியும், அதனால்தான் 'பவளத்துக்குப் பாதுகாப்பு' என்று பச்சையில் எழுதியதாகப் பார்த்து வாங்கினேன். படகுக்காரர் பாட்டிலைக் கேட்டு வாங்கி, முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை, நேராகப் பின்னால் திருப்பிப் பொடி எழுத்தில் விரலை ஓட்டி ஓரிடத்தில் நிறுத்தினார். ஆக்ஸிபென்சோன், தடை செய்த ரசாயனங்களில் ஒன்று. ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்துச் சிரித்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை, அந்தச் சிரிப்புதான் தாங்கவில்லை. முழுக்கை சட்டையோடே நீந்தினேன்.

கிள்ளான் 3-ஆம் மைல்:
பட்டர்வொர்த் தம்பி, அவர் அம்மாவைப் பற்றிச் சொல்கிறார், நீ ஹெக்டேர் கணக்கு போடுகிறாய். கட்டி ஷாம்பு பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன்: விமானத்தில் 100 மில்லி தொல்லை இல்லை, சரிதான், ஆனால் ஈரத்தோடு பையில் சுருட்டினேன், ஈப்போ தாண்டுவதற்குள் வேட்டியெல்லாம் வழவழ. துளை போட்ட டப்பா வாங்குங்கள்.

பட்டர்வொர்த் பையன்:
கணக்கு தப்பா இருந்தா சொல்லுங்கண்ணே, கேட்டுக்கிறேன்.

செந்தூல்வாசி:
சண்டை வேண்டாம். நேற்று அம்மாவிடம் முத்திரை விஷயத்தைச் சொல்லிப் பார்த்தேன். "ஒரு சாக்குப் பழத்துக்கு எவ்வளவு கொடுத்தாங்கன்னு அதுல எழுதியிருக்கா?" என்றார். பெட்டியைத் தேடி எடுத்து நாலு பக்கமும் படித்தேன். பாட்டாளி பற்றி ஒரு வரி இல்லை, முயல்மேல் சோதிக்கவில்லை என்று மட்டும் படத்தோடு போட்டிருக்கிறது.