புடைக்காத புடைப்பு: எகிப்தியக் கல்லறைச் சுவருக்கு ஒரு சொல் வேண்டும்

அன்புள்ள குழுமத்தார்க்கு வணக்கம்.

எகிப்தியக் கல்லறைக் கலையைப் பற்றிய படநூல் ஒன்றை மாணவர்களுக்காகத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்கு அனுப்பியாக வேண்டும். 'ரிலீஃப்' என்பதற்குப் புடைப்புச் சிற்பம் என்று நாம் நெடுநாளாக எழுதிவருவதில் எனக்குத் தடையில்லை. உருவத்தைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக்கல் பரப்பைச் செதுக்கி இறக்கிவிட்டால் உருவம் எழுந்து நிற்கும். நைல் ஆற்றில் லக்சருக்கு எதிர்க்கரையில் உள்ள, ராமோசே என்னும் அமைச்சரின் கல்லறையில், விருந்தினரின் பொய்முடிச் சுருள்கள் ஒவ்வொன்றும் அந்தச் சிறிய உயரத்துக்குள்ளேயே நெளிகின்றன. வண்ணம் தீட்டப்படாத அம்முகங்களில் கண்ணைச் சுற்றிய கருங்கோடு மட்டும் இருக்கிறது. இதைப் புடைப்பு என்பது பொருந்தும்.

என் சிக்கல் 'சங்க் ரிலீஃப்' என்னும் மற்றொரு வகை. அதில் சுவர் இருந்தபடியே இருக்கும். உருவத்தின் புறக்கோட்டை மட்டும் ஆழ வெட்டி, அந்தக் கோட்டுக்குள்ளேயே உடலின் திரட்சியைச் செதுக்குவார்கள். உருவத்தின் மிக உயர்ந்த இடமும் சுவர்மட்டத்தைத் தாண்டாது. புடைக்காத ஒன்றைப் புடைப்பு என்று எப்படி எழுதுவது? 'தாழ்புடைப்பு' என்றால், அச்சொல் உயர்புடைப்புக்கு மறுதலையாக, சற்றே எழுந்து நிற்பது என்ற வேறு பொருளில் முன்பே வழங்குகிறது.

* * *

ஐயா, வணக்கம்.

புடைத்தல் என்றால் வீங்குதல் என்று மட்டும் கொண்டதால் வந்த குழப்பம் இது. புடை என்பதற்குப் பக்கம் என்றும் பொருள் உண்டு. 'ஒருபுடை ஒப்புமை' என்று உரையாசிரியர்கள் எழுதவில்லையா? சுற்றிவந்து காணத்தக்க முழுவுருவத்துக்கு மாறாக, ஒரு புடையிலிருந்து மட்டுமே காணத்தக்கது புடைப்பு என்று கொண்டால், சுவர்மட்டத்துக்கு மேலே இருந்தாலென்ன, கீழே இருந்தாலென்ன, இரண்டும் புடைப்பே. ஆகவே 'அமிழ்புடைப்பு' என்று ஆளலாம் என்பது என் துணிபு.

* * *

மதிப்பிற்குரிய புலவர் ஐயாவுக்கு,

முறத்தால் புடைப்பதையும் சேர்த்துக்கொண்டால் பட்டியல் முழுமை பெற்றுவிடும். புடை என்ற பெயர்ச்சொல்லிலிருந்து புடைப்பு வரவில்லை. புடைத்தல் என்ற வினையிலிருந்துதான் வந்தது என்பதைத் தாங்கள் அறியாதவர் அல்லர்.

வகுப்பறையில் நிற்பவள் என்ற முறையில் வேறொன்று சொல்கிறேன். எகிப்தியர் இந்த முறையைக் கட்டடங்களின் வெளிச்சுவர்களில் மிகுதியாகக் கையாண்டதற்குக் காரணம் வெயில். உச்சி வெயிலில் மெல்லிய புடைப்பு கண்ணுக்கு எடுப்பாகத் தெரியாது. ஆழ வெட்டிய கோட்டின் விளிம்போ நிழலைத் தேக்கி, உருவத்தை மை தீட்டியது போலக் காட்டும். எனவே 'நிழற்சிற்பம்' என்றால் மாணவர்க்குக் காரணமும் சேர்ந்து விளங்கும்.

* * *

அம்மா, சொல் அழகாக இருக்கிறது, ஆனால் பொருந்தவில்லை. அரசர் பள்ளத்தாக்கில் ஆறாம் ராம்சேசின் கல்லறைக்குள் வெயில் ஏது? அங்கே உட்சுவர்கள் நெடுகிலும் உருவங்கள் இவ்வாறு உள்ளிறக்கி வெட்டப்பட்டு, வண்ணமும் தீட்டப்பட்டிருக்கின்றன. நிழலைப் பெயராக வைத்தால், படநூலின் அந்தப் பக்கத்துக்கு நான் என்ன விளக்கம் எழுதுவேன்?

* * *

அனைவருக்கும் வணக்கம். கல் வேலை செய்யும் குடும்பத்தில் பிறந்தவன் என்பதால் ஒரு சொல். காரணம் வெயில் மட்டுமன்று, உழைப்பும்தான். எழுந்து நிற்கும் உருவம் வேண்டுமென்றால் உருவம் இல்லாத இடம் முழுவதையும் இறக்க வேண்டும். உள்ளே வெட்டுவதற்கு உருவத்தின் ஓரத்தை இறக்கினால் போதும். பாதியில் நின்றுபோன, எகிப்திய அரசர் ஹோரெம்ஹெபின் கல்லறை இதற்கு நல்ல பாடம். 1908-இல் அது திறக்கப்பட்டபோது, சிவப்பில் போட்ட முதல் வரைவு, அதன்மேல் கருப்பில் செய்த திருத்தம், உளி தொட்டு விட்ட இடம் என எல்லா நிலைகளும் சுவரில் அப்படியே இருந்தன. எதை இறக்கினார்கள் என்பதை வைத்தே பெயரிடலாம்: 'தளமிறக்கிய சிற்பம்', 'உருவிறக்கிய சிற்பம்'.

* * *

இவ்வளவு பேரும் 'சிற்பம்' என்ற வடசொல்லைத் தடையின்றிப் புழங்குவது வருத்தமளிக்கிறது. 'கற்செதுக்கம்' என்று தொடங்கினால்தான் அடுத்த சொல்லும் தமிழாக அமையும்.

* * *

கல், உலோகம், செங்கல், மரம், மண், சுதை என்று சிற்பத்துக்குரிய பொருள்களைத் திவாகரம் என்னும் பழைய நிகண்டு வரிசைப்படுத்தும்போது சிற்பம் என்றே சொல்கிறது. அதற்குமேல் தூய்மை எனக்கு வேண்டாம். தவிரவும், 'கற்செதுக்கம்' என்றால் அரசி நெஃபர்த்தாரியின் கல்லறையை எங்கே வைப்பீர்கள்? அங்கே பாறை தரமற்றதாக இருந்ததால் சுதை பூசி, அந்தச் சுதையில்தான் உருவங்களை எழுப்பி வண்ணம் தீட்டினார்கள். பின்னாளில் பாறையிலிருந்த உப்பு படிகமாகி அந்தப் பூச்சைத் தள்ளியதும் அதனால்தான். திவாகரம் கல்லையும் சுதையையும் தனித்தனியே எண்ணியது வீண்போகவில்லை.

* * *

அனைவருக்கும் நன்றி. நாளை மறுநாள் வெள்ளி. உருவிறக்கிய சிற்பம் என்பது செய்முறையைச் சரியாகச் சொல்கிறது. ஆனால் படத்தின் அடியில் இருக்கும் இடம் ஒரே வரிதான். 'உட்புடைப்பு' என்று தனிமடலில் ஒருவர் எழுதியிருந்தார். என் மனைவி அதைப் படித்துவிட்டு, யாருக்கு அறுவை மருத்துவம் என்று கேட்டார். அமிழ்புடைப்பை ஒன்பதாம் வகுப்பு மாணவர் நால்வரிடம் காட்டினேன். இருவர் நீரில் மூழ்கிய சிலை என்றனர். 'குழிவுப் புடைப்பு' என்றதும் நால்வரும் படத்தில் சரியான சுவரைத் தொட்டுக் காட்டினர். இதுவரை எழுதியவர்களில் பெரும்பாலோர் அதற்கே, சலிப்போடு என்றாலும், இசைந்துள்ளதால் அதையே இடுகிறேன். எழுந்து நிற்பது வெறும் புடைப்பாகவே இருக்கட்டும்.

* * *

ஐயா,

குழியும் புடைப்பும் ஒன்றையொன்று மறுப்பவை. மறுக்கும் இரண்டைச் சேர்த்து ஒரு கலைச்சொல் என்பதை நான் ஏற்கவில்லை. அமிழ்புடைப்பே என் சொல். நீரில் மூழ்கிய சிலை என்று சொன்ன அந்த இரு மாணவர்க்கும் அமிழ்தல் என்ற வினையாவது தெரிந்திருக்கிறது. அச்சில் தங்கள் விருப்பப்படியே வரட்டும். ஆனால் தாங்கள் குழுமக் கோப்பில் ஏற்றியிருக்கும் பட்டியலில் 'குழிவு புடைப்பு' என்று ஒற்று இல்லாமல் இருக்கிறது. அச்சுக்குப் போகுமுன் அந்தப் பகர ஒற்றையாவது இட்டுவிடுங்கள்.