ஜாங்கோ: தொண்டர், தண்ணீர்ப் பந்தல், மெனி-டு-மெனி. ஷிஃப்டை எங்கே வைப்பது?

ஆயர்_ஈத்தாம்_பையன்

வணக்கம். பினாங்குத் தைப்பூசத்துக்கு எங்கள் இளைஞர் குழுவிலிருந்து தண்ணீர்ப் பந்தல்களுக்குத் தொண்டர்களை அனுப்புவோம். இதுவரை வாட்ஸ்அப்பும் எக்செல்லுமாக ஓட்டினோம், இந்த முறை ஜாங்கோவில் (பைத்தான் மொழியில் வெப்சைட் கட்டும் கருவி) ஒரு சின்ன வெப்சைட் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு தொண்டர் பல பந்தல்களுக்குப் போவார், ஒரு பந்தலில் பல தொண்டர்கள் நிற்பார்கள், ஆகவே தொண்டர் மாடலில் (டேபிளின் வடிவத்தைச் சொல்லும் கோட்) ஒரு மெனி-டு-மெனி ஃபீல்ட், அதாவது பலருக்குப் பல என்ற உறவு. அதுவரை சரி. ஆனால் யார் எந்த நேரம், மோர் ஊற்றுகிறாரா பாத்திரம் கழுவுகிறாரா என்பதை எங்கே எழுதுவது? ஜாலான் உத்தாமா பந்தலுக்குக் காலையிலும் இரவிலும் வருகிற ஒருவரை இரண்டாவது தடவை ஆட் செய்தால் எரரும் வரவில்லை, புது வரியும் விழவில்லை. நடு டேபிளை நாமே எழுதிக் காட்டும் த்ரூ போட்டுப் பார்த்தேன், மாற்றத்தை டேட்டாபேஸில் ஏற்ற மைக்ரேட் செய்யும்போது வேல்யூ எரர் என்று நின்றுவிடுகிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

ஃபெரி_பயணி

தம்பி, நீங்கள் த்ரூ எழுதாவிட்டால் ஜாங்கோவே பின்னால் ஒரு டேபிள் போட்டுக்கொள்ளும், அதில் தொண்டர் ஐடி, பந்தல் ஐடி, அவ்வளவுதான், அந்த ஜோடி இரண்டு தடவை வரக்கூடாது என்ற கட்டுப்பாடும் கூடவே இருக்கும். ஏற்கெனவே இருக்கிற ஜோடியை ஆட் செய்தால் சத்தமில்லாமல் விட்டுவிடும். நீங்கள் பார்த்தது அதைத்தான், பக் இல்லை.

நேரம், வேலை எல்லாம் தொண்டருக்கும் சொந்தமில்லை, பந்தலுக்கும் சொந்தமில்லை, இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தகவல். அதற்கு ஒரு மாடல் எழுதுங்கள், "ஒதுக்கீடு" என்று பெயர் வையுங்கள், இரண்டு ஃபாரின் கீ (தொண்டர் வரியையும் பந்தல் வரியையும் காட்டும் ஃபீல்டுகள்), ஆரம்பம், முடிவு, வேலை. அதை த்ரூவில் காட்டுங்கள். புது வரி போட ஆட் வேண்டாம், ஒதுக்கீடு மாடலிலேயே நேராக கிரியேட் செய்யுங்கள், ஏனென்றால் சொந்த த்ரூ வைத்தாலும் இருக்கிற உறவை ஆட் மறுபடி சேர்க்காது. ரிமூவ் இன்னும் மோசம், அந்த ஜோடியின் எல்லா வரிகளையும் சேர்த்து அழித்துவிடும்.

பிரிக்ஃபீல்ட்ஸ்_இரவுப்பறவை

அக்கா சொன்னது சரி, ஆனால் அதோடு நிறுத்தினால் போதாது என்று நினைக்கிறேன். ஒதுக்கீட்டில் நேரத்தை வைத்தால், யாரும் பெயர் கொடுக்காத ஷிஃப்ட் டேட்டாபேஸில் இருக்கவே இருக்காது. தைப்பூசத்தன்று உங்களுக்கு வேண்டிய கேள்வி யார் வருகிறார்கள் என்பதைவிட, இரவு 2 மணிக்கு எந்தப் பந்தலில் ஆள் இல்லை என்பதுதானே? இல்லாத வரியை டேட்டாபேஸிடம் கேட்கும் எந்தக் குவெரியாலும் தேட முடியாது.

அதனால் ஷிஃப்டைத் தனி மாடலாக்குங்கள். ஷிஃப்டுக்குப் பந்தல் ஒரு ஃபாரின் கீ, ஆரம்பம், முடிவு, தேவைப்படும் ஆள் எண்ணிக்கை. மெனி-டு-மெனி தொண்டருக்கும் ஷிஃப்டுக்கும் நடுவில், ஒதுக்கீடுதான் த்ரூ, அதில் வேலை மட்டும். இப்போது தொண்டர், ஷிஃப்ட் ஜோடிக்கு, அது இரண்டு தடவை வரக்கூடாது என்ற யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட் தாராளமாகப் போடலாம், காலையும் இரவும் வெவ்வேறு ஷிஃப்ட் என்பதால் இடிக்காது. காலி ஷிஃப்ட் வேண்டுமானால் ஒவ்வொரு ஷிஃப்டின் ஒதுக்கீடுகளையும் அனோட்டேட்டில் (ஒவ்வொரு வரியோடும் கணக்கிட்ட மதிப்பைச் சேர்ப்பது) கவுன்ட் செய்து தேவையோடு ஒப்பிட்டால் போதும். அப்புறம், நேரத்துக்கு டைம் ஃபீல்ட் வேண்டாம், தேதியும் சேர்ந்த டேட்டைம் போடுங்கள். இரவு 10 மணிக்குத் தொடங்கி மறுநாள் 2 மணிக்கு முடிகிற ஷிஃப்ட் டைம் ஃபீல்டில் தலைகீழாகத் தெரியும்.

ஆயர்_ஈத்தாம்_பையன்

அந்த 2 மணிக் கேள்வி அப்படியே எங்கள் தலைவர் கேட்பது, அண்ணே. முதலுதவி தெரியுமா, லாரி லைசென்ஸ் இருக்கிறதா என்பதற்கும் த்ரூ வேண்டுமா? பழைய டேட்டாவை என்ன செய்வது?

ஃபெரி_பயணி

திறமைக்குச் சாதாரண மெனி-டு-மெனி போதும். எல்லாவற்றுக்கும் முதலிலேயே த்ரூ எழுது என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. லைசென்ஸ் காலாவதித் தேதியும் வேண்டும் என்று தலைவர் கேட்டால் அப்போது மாற்றலாம்.

மாற்றுவது மட்டும் கொஞ்சம் வேலை. இருக்கிற ஃபீல்டில் த்ரூவைச் சேர்க்கவோ எடுக்கவோ ஜாங்கோ விடாது, உங்கள் வேல்யூ எரர் அதனால்தான். பழைய டேபிளையே வைத்துக்கொள்ள செபரேட் டேட்டாபேஸ் அண்ட் ஸ்டேட் என்று ஒரு மைக்ரேஷன் ஆபரேஷன் உண்டு. உங்களுக்கு அது தேவைப்படாது, அமைப்பே மாறுகிறது. புது மாடல்களைப் போடுங்கள், பழைய வரிகளில் நேரமே இல்லாததால் ஷிஃப்டைக் கேட்டுக் கையால்தான் ஏற்ற வேண்டும், பிறகு பழைய ஃபீல்டை எடுத்துவிடுங்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ்_இரவுப்பறவை

ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு பந்தலில் நிற்பதை யூனிக் தடுக்காது. சேவ் செய்வதற்கு முன் அவருடைய மற்ற ஷிஃப்டுகளில் ஆரம்பம் இதன் முடிவுக்கு முன்னும், முடிவு இதன் ஆரம்பத்துக்குப் பின்னும் இருப்பது ஏதாவது உண்டா என்று பாருங்கள், இருந்தால் மறுத்துவிடுங்கள். சமம் போடாதீர்கள், 6 மணிக்கு முடித்து 6 மணிக்கே பக்கத்துப் பந்தலில் ஏறுகிறவர்கள் இருப்பார்கள்.

பட்டியல் பக்கத்தில் பிரீஃபெட்ச் ரிலேட்டட் (சேர்ந்த வரிகளை முன்கூட்டியே மொத்தமாக எடுப்பது) கட்டாயம், இல்லையென்றால் ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் ஒரு குவெரி ஓடும். செலக்ட் ரிலேட்டட் இங்கே உதவாது, அது ஒற்றை உறவுக்குத்தான். இன்னொன்று, ஒரு தொண்டரின் பந்தல்களை ஷிஃப்ட் வழியாக எடுத்தால் ஒரே பந்தல் இரண்டு தடவை வரும், டிஸ்டிங்க்ட் சேர்த்துக்கொள்ளுங்கள்.