ஆச்சியோட குடம்: பழைய வண்டி ராலியில மறக்க முடியாத ஆட்கள்

உடைமரத்தடி எழுதியது:

ரெண்டு வருசமா மனசுல கெடக்கிற விசயம். பழைய வண்டியில ராலி ஓடுனவங்க இங்க இருக்கீங்க, அதான் இங்க எழுதுறேன்.

எங்க வண்டி 1984 மார்க் 4 அம்பாசடர், பெட்ரோல். கூட்டாளியோட அப்பா வண்டி. நாங்க நாலு பேர். ரெண்டு நாள் ஓட்டம். நெல்லையில கிளம்பி திசையன்விளை, கன்னியாகுமரி போயி, நாகர்கோவில்ல இருந்து செங்கோட்டை, தென்காசி சுத்தி மறுபடி நெல்லை. டிஎஸ்டி, அதான் நேரம், வேகம், தூரம் கணக்குப் பாத்து ஓட்டுற ராலி, அதப் பத்தி உங்களுக்குச் சொல்ல வேண்டாம். முந்திப் போனாலும் புள்ளி போகும், பிந்திப் போனாலும் போகும்.

மே மாசம், அக்கினி நட்சத்திரம். நாங்குநேரியில திரும்பி விஜயநாராயணம் தாண்டியாச்சு. கடற்படை நிலையத்துக் கம்பங்க பின்னால தள்ளிப் போயிருச்சு. ரெண்டு பக்கமும் உடைமரமும் பனையும்தான், ஒரு டீக்கடை கெடையாது. அங்கன வச்சு பானட்டுக்குள்ள இருந்து குபுகுபுன்னு ஆவி. மேல் ஹோஸ் கிழிஞ்சு போச்சு. சைக்கிள் டியூபக் கீறி இறுக்கிச் சுத்திட்டோம். ஆனா ரேடியேட்டர்ல சொட்டுத் தண்ணி இல்ல. குடிக்க வச்சிருந்த பாட்டில் ரெண்டையும் ஊத்தியும் பத்தல. கண்ட்ரோலுக்கு, அதான் வண்டி வாற நேரத்தக் குறிக்கிற இடத்துக்கு, இருந்தது இருபத்தஞ்சு நிமிசம்.

அப்போ ஒரு ஆச்சி இடுப்புல பச்சை பிளாஸ்டிக் குடத்தோட வந்தாங்க. நாங்க வாயத் திறந்து எதுவும் கேக்கல. வண்டியப் பாத்தாங்க, எங்க மூஞ்சியப் பாத்தாங்க. "என்னய்யா, வண்டிக்குத் தண்ணி தவிக்கோ?"ன்னு கேட்டுட்டு குடத்த இறக்கி வச்சாங்க.

அரைக்குடம் ரேடியேட்டர் குடிச்சிருச்சு. "மிச்சத்தையும் கொண்டு போங்கய்யா, வழியில வேணும்லா. திரும்பி வாறப்போ குடத்தத் தாங்க, எங்க வீடு இங்கனதான்"ன்னாங்க. "தாறோம் ஆச்சி"ன்னு சொன்னது நான்தான். வண்டி கிளம்பி, பின்சீட்ல என் ரெண்டு காலுக்கும் நடுவுல குடத்த வச்சுப் பிடிச்சுக்கிட்டுத் திரும்பிப் பாக்கேன், ஆச்சி வெறுங்கையோட வந்த வழியே திரும்பி நடக்காங்க.

மறுநாள் நாங்க தென்காசி ரோட்டுல வந்துட்டோம். அந்தப் பக்கம் போகவே இல்ல. குடம் எங்க வீட்டு மாடிப்படிக்கு அடியில இருக்கு. மழை பெஞ்சா அம்மா அதுலதான் தண்ணி பிடிக்காங்க. அதப் பாக்கும்போதெல்லாம் எனக்கு என்னமோ பண்ணுது.

நேவிகேட்டர் அக்கா எழுதியது:

தம்பி, எனக்கும் ஒண்ணு இருக்கு. எங்க வண்டி பத்மினி. நான் முன்சீட்ல வழி குறிச்சிருக்கிற ரோடு புக் பாக்குறேன், ஓட்டுறது என் தோழி. குட்டம் தேரிப் பக்கம் ஒரு திருப்பத்தத் தப்பா வாசிச்சுட்டேன். ரோடு போயி மண்பாதையாச்சு, மண்பாதை போயி செம்மணலாச்சு. தேரி மணல் உங்களுக்குத் தெரியும், மாவு மாதிரி. பின்சக்கரம் சுத்தச் சுத்த வண்டி இறங்குது.

ஒரு பனையேறி அண்ணாச்சி மரத்துல இருந்து பாத்துட்டு இறங்கி வந்தாரு. "ஆக்சிலேட்டர மிதிக்காதம்மா, இன்னும் புதையும்"ன்னாரு. டயர்ல பாதிக் காத்த இறக்கச் சொன்னாரு. காஞ்ச பனையோலையா இழுத்துட்டு வந்து சக்கரத்துக்கு அடியில திணிச்சாரு. அவரு மகன், பன்னெண்டு வயசு இருக்கும், பின்னால தள்ளினான். ரெண்டாவது கியர்ல பைய எடுத்தோம், ஓலை படபடன்னு நொறுங்க வண்டி ஏறி வந்துருச்சு. ஓலைப்பட்டையில பதநீர் ஊத்திக் கொடுத்தாரு. காசு நீட்டினதுக்குக் கோவமாப் பாத்தாரு.

என்னை விடாம இருக்கிறது அந்தப் பையன். வண்டி நகரும்போது கதவப் பிடிச்சுக்கிட்டு கூடவே ஓடி வந்தான். "எக்கா, நீங்க செயிச்சா எனக்கு எப்பிடித் தெரியும்?"ன்னு கேட்டான். நான் கையில இருந்த கடிகாரத்தப் பாத்துக்கிட்டே "தெரியும்டா"ன்னு சொன்னேன். எப்படித் தெரியும்? அவன் பேரக்கூட நான் கேக்கல.

வாகையடிமுக்கு பட்டறை எழுதியது:

உடைமரத்தடி தம்பி, ஆச்சி கதை சரி. ஆனா நீங்க பண்ணுன காரியத்தப் பாத்தா எனக்குப் பதறுது. சூடா இருக்கிற என்ஜின்ல பச்சத்தண்ணிய அப்படியே ஊத்தினீங்களா? ஹெட் வெடிச்சிருக்கும். வெடிக்காதது உங்க நேரம்.

இனிமே யாரும் இப்படிப் பண்ண வேண்டாம், அதனால எழுதுறேன். முதல்ல வண்டிய நிழல்ல நிப்பாட்டி பானட்டத் தூக்கிட்டு அரைமணி நேரம் சும்மா இருங்க. ராலியாவது ஒண்ணாவது. மூடிய உடனே திறந்தா முகம் வெந்துரும். ஆறின பிறகு கட்டியான துணிய மேல போட்டு அரைத் திருகு திருகுங்க, உஸ்ஸுன்னு அழுத்தம் போகட்டும், அப்புறம் முழுசா எடுங்க. என்ஜின ஸ்டார்ட் பண்ணி ஐடில்ல ஓட விட்டு, தண்ணிய நூல் மாதிரி பைய ஊத்தணும். டியூப் சுத்தின ஹோஸா இருந்தா மூடிய முழுசா இறுக்காதீங்க. அழுத்தம் ஏறாம இருந்தாத்தான் அந்தச் சுத்து தாங்கும். பத்து கிலோமீட்டருக்கு ஒருக்க நிப்பாட்டி தண்ணி பாருங்க.

ஹோஸ கண்ணால பாத்து நல்லா இருக்குன்னு சொல்லக் கூடாது. கையால அமுக்கிப் பாக்கணும். மொறுமொறுன்னு சத்தம் கேட்டாலோ, ஒரு இடத்துல புடைச்சிருந்தாலோ கழட்டிப் போட்டுருங்க. உத்தர்பாரா ஆலையில 2014-ல அம்பாசடர் தயாரிப்பு நின்ன பிறகு மார்க்கெட்ல வாறதெல்லாம் வெளியாளு செய்யிற சாமான்தான். முனையப் பாத்து, ரப்பருக்கு நடுவுல நூல் அடுக்கு இருந்தா வாங்குங்க. வெறும் ரப்பரா இருந்தா ஒரு கோடை தாங்காது. மேல் ஹோஸ் ஒண்ணு, கீழ் ஹோஸ் ஒண்ணு, கிளிப் நாலு, ஃபேன் பெல்ட் ஒண்ணு, அஞ்சு லிட்டர் கேன்ல தண்ணி, இது இல்லாம பாளையங்கோட்டை எல்லைய தாண்டக் கூடாது. பெட்ரோல் டேங்க் ஒழுகினா பார் சோப்ப வச்சுத் தேய்ச்சா ஊர் வந்து சேரலாம். வெயில்ல பெட்ரோல் பம்ப் சூடேறி வண்டி நின்னா அதுமேல ஈரத்துணி போடுங்க. துணி ஃபேன்ல சிக்காமப் பாத்துக்கோங்க.

என் அனுபவம்னா, ஆலங்குளம் தாண்டி ராத்திரி ஒரு மணிக்கு ஒரு பத்மினிக்குப் பெல்ட் மாத்திக் கொடுத்தேன். ராலி வண்டிதான். யாரு, எந்த ஊருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

காவல்கிணறு வழி எழுதியது:

அண்ணாச்சி, நீங்க தெருவுல நிக்கிறவனுக்கு அரைமணி நேரம் சும்மா இருன்னு சொல்லுதீங்க. ராலியில நின்னு பாத்தாத்தான் தெரியும்.

என்னோடது காத்து. ஆடி மாசம், 1991 மாருதி 800, மூணு பேரு. வள்ளியூர் வரைக்கும் ஒண்ணும் இல்ல. பணகுடி தாண்டினதும் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காத்து வலப்பக்கமா வந்து அறையுது. முப்பந்தல்ல அத்தனை காத்தாடிய எதுக்கு நட்டிருக்காங்கன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சது. ஸ்டியரிங்க வலப்பக்கமா ஒடிச்சுப் பிடிச்சாத்தான் வண்டி நேரா போகுது. காத்து ஒரு நொடி விட்டுக் கொடுத்தா வண்டி தானா வலப்பக்கம் பாயுது. பின்சீட்ல இருந்தவன் பேச்ச நிப்பாட்டிட்டான்.

அப்போ ஒரு லாரி எங்கள முந்த வந்துச்சு. முந்தல. எங்க வலப்பக்கமே எங்க வேகத்துக்குக் குறைச்சுக்கிட்டு கூடவே வந்துச்சு. காத்து பட்டுன்னு நின்னு போச்சு. கதவச் சாத்துன வீடு மாதிரி. இடப்பக்க ஜன்னல்ல இருந்து கிளீனர் பையனோட கை மட்டும் வெளிய வந்து, "பைய, பைய"ன்னு கீழ அமுக்கி அமுக்கிக் காட்டுச்சு. காவல்கிணறு விலக்கு வரைக்கும் அப்படியே கொண்டு வந்து விட்டாங்க. பிரியுறதுக்கு முன்னால அதே கை மூணு தடவை கதவத் தட்டுச்சு. இப்போ காத்து வரும், பிடிச்சுக்கோன்னு அர்த்தம். டிரைவர் மூஞ்சிய நாங்க பாக்கவே இல்ல.

வாகையடிமுக்கு பட்டறை எழுதியது:

தம்பி, நல்ல மனசுல பண்ணியிருக்காங்க, இல்லேன்னு சொல்லல. ஆனா லாரி நிழல்ல போறது ஆபத்து. அவரு விலகுற அந்த நொடியில எத்தனை பைக் ஓட்டுறவங்க தூக்கி வீசப்பட்டிருக்காங்கன்னு ரோட்டுல ஓடுறவங்களுக்குத் தெரியும். காத்து அடிச்சா நாப்பதுக்கு இறங்கணும், ஜன்னல ஏத்திரணும், அவ்வளவுதான்.

காவல்கிணறு வழி எழுதியது:

அதுக்குத்தானே அண்ணாச்சி அந்தக் கை மூணு தடவை தட்டுச்சு.

இட்டமொழி மருமக எழுதியது:

எல்லாரும் ஹோஸயும் காத்தையும் பத்திப் பேசுதீங்க. நான் குடத்தப் பத்திப் பேசுறேன்.

நான் வாக்கப்பட்டது அந்தப் பக்கம்தான். கோடையில எங்களுக்குக் குழாய்ல தினமும் தண்ணி வராது. வாற அன்னைக்கு வரிசையில குடத்த வச்சு, முறைக்குக் காத்திருந்து பிடிக்கணும். அந்த ஆச்சி வெறுங்கையோட வந்த வழியே திரும்பி நடந்தாங்கன்னு எழுதியிருக்கீங்களே, எங்க போனாங்கன்னு நினைச்சுப் பாத்தீங்களா? மறுபடி குழாயடிக்கு. அதுவும் வேற குடம் கிடைச்சிருந்தாத்தான். பிளாஸ்டிக் குடம் எவ்வளவு ரூவா ஆயிரப் போகுதுன்னு நீங்க நினைக்கலாம். வரிசையில நிக்கிறது எங்க குடம், நாங்க இல்ல. குடம் இல்லேன்னா வரிசையில இடம் இல்ல.

உங்களத் திட்டணும்னு எழுதல தம்பி. இன்னும் வச்சிருக்கீங்கல்லா, தூரப் போடலேல்லா? கொண்டு போய்க் கொடுங்க. இடம் ஞாபகம் இருக்கா?

உடைமரத்தடி எழுதியது:

இருக்குக்கா. நேத்து ராத்திரி ரோடு புக்கத் தேடி எடுத்தேன். வண்டி நின்ன இடத்த எங்க நேவிகேட்டர் பென்சில்ல குறிச்சு வச்சிருக்கான்: 46.8 கிலோமீட்டர், "தண்ணி, 19 நிமிசம்". நம்ம மீட்டர் நூறு கிலோமீட்டருக்கு ரெண்டு கிலோமீட்டர் கூடக் காட்டும், அதக் கழிச்சாலும் அந்த இடத்துக்குப் பக்கத்துலதான் வரும். ரோட்டோரம் ஒத்தப்பனை ஒண்ணு இரட்டைக் கழுத்தோட நின்னுச்சு, அதுவும் ஞாபகம் இருக்கு. நாலு பேருகிட்டயும் சொல்லிட்டேன். ஒருத்தன் மெட்ராஸ்ல இருந்து வாறான்.

அண்ணாச்சி, நூல் அடுக்கு உள்ள ஹோஸ் வாங்கி மாத்தியாச்சு.

இட்டமொழி மருமக எழுதியது:

வெறுங்குடமா கொண்டு போயி நிக்காதிய. வயசானவங்க வீட்டு வாசல்ல காலையில வெறுங்குடத்தோட போகக் கூடாது. ஆச்சி வீடு அடையாளம் தெரியலேன்னா "ரெண்டு வருசத்துக்கு முன்ன கார்க்காரப் பயலுவளுக்குக் குடம் கொடுத்த ஆச்சி"ன்னு கேளுங்க. ஊருக்கே தெரிஞ்சிருக்கும். இந்நேரம் ஆயிரம் தடவை சொல்லியிருப்பாங்க.

உடைமரத்தடி எழுதியது:

சரிக்கா. சனிக்கிழமை விடியக்காலம் கொக்கிரகுளத்துல ஆத்துத் தண்ணி நெறைச்சுக்கிட்டுக் கிளம்புறோம். வாய்க்குத் துணி கட்டி, பின்சீட்ல அதே இடத்துல வச்சு, நானே பிடிச்சுக்கிடுதேன்.